பழைய வீரர்களின் யோக்கியதை

விக்டோரியா ராணி காலத்தில் ஐரோப்பாவில் சாகசக் கதைகள் ஏராளமாய் எழுதப்பட்டன. யானை வேட்டைக்காரன், கடலுக்கடியில் கப்பல் ஓட்டுகிறவன், கண்ணுக்குத் தெரியாத மனிதன், மருந்து குடித்து மிருகமாகிற டாக்டர் என்பதாகப் பலர் அவற்றில் வந்தார்கள். இவர்களையெல்லாம் ஒரே சங்கத்தில் சேர்த்து, ஆலன் மூர் என்பவர் எழுத, கெவின் ஓநீல் என்பவர் படம் போட, “லீக் ஆப் எக்ஸ்ட்ரார்டினரி ஜென்டில்மேன்”, அதாவது அசாதாரணக் கனவான்களின் சங்கம் என்கின்ற படக்கதை 1999-ம் வருஷத்தில் வெளிவர ஆரம்பித்தது. பழைய வீரர்களுக்குப் புது முலாம் பூசும் வேலை இது என்று சிலர் நினைக்கிறார்கள். இது முலாம் பூசும் வேலையல்ல. பூசியிருந்த முலாமைச் சுரண்டிப் பார்க்கும் வேலை என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் ஆலன் குவாட்டர்மெயின் என்னும் வேட்டைக்காரனை எடுத்துக் கொள்வோம். இவனைச் சிருஷ்டித்த ஹாகார்ட், 1875-ல் தமது 19-வது வயதில் தென்னாப்பிரிக்காவுக்கு சர்க்கார் உத்தியோகத்திற்குப் போனவர். 1885-ல் அவர் எழுதிய “சாலமன் ராஜாவின் சுரங்கங்கள்” கதையில், மூன்று வெள்ளைக்காரர்கள் ஒரு ஆப்பிரிக்க நாட்டிற்குள் போய், அங்குள்ள ராஜாவைத் தொலைத்து வேறொருவனைப் பட்டத்தில் வைத்துவிட்டு, சட்டைப்பை நிறைய வைரத்தோடு ஊர் திரும்புகிறார்கள். இதற்குப் பெயர் வீரம்! அந்நாட்டு மனிதன் ஒருவன் லண்டனுக்கு வந்து இதே காரியத்தைச் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? இந்த வீரனைப் படக்கதையில் நாம் பார்ப்பது எங்கே? கெய்ரோ பட்டணத்து அபினிக் கடையில், எலும்பும் தோலுமாய்ச் சுருண்டு கிடக்கின்றான்.

இரண்டாவது, காப்டன் நெமோ. ஜூல்ஸ் வெர்ன் இவனை முதலில் ருஷ்ய ஆட்சியை எதிர்க்கும் போலந்துக்காரனாகவே நினைத்திருந்தார். ருஷ்யாவில் புஸ்தக விற்பனை கெட்டுப் போகுமே என்று பதிப்பாளர் ஆட்சேபித்ததால், 1870-ல் வந்த புஸ்தகத்தில் அவன் எந்த நாட்டான் என்பதே சொல்லப்படவில்லை. பிறகு வந்த “மர்மத் தீவு” கதையில்தான் அவன் பண்டல்கண்டு இளவரசன் டக்கார் என்றும், 1857-ம் வருஷக் கலகத்தில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டவன் என்றும் தெரிய வந்தது. அப்படியிருந்தும் 1954-ம் வருஷத்து டிஸ்னி சினிமாவில் ஜேம்ஸ் மேசன் என்னும் இங்கிலீஷ்காரரே நெமோ வேஷம் போட்டார். இந்தப் படக்கதையோ தலைப்பாகையும் தாடியுமாய் அவனை இந்தியனாகவே காட்டுகின்றது.

நிற்க, இச்சங்கத்திற்குத் தலைவர் யார் என்று பார்த்தால், மினா மர்ரே என்கின்ற ஒரு பெண். டிராகுலா கதையில் ஆண்கள் பாதுகாக்க வேண்டிய பொருளாய் இருந்தவள், இங்கே புருஷனைவிட்டு விலகி, கழுத்துத் தழும்பைத் துணியால் மறைத்துக் கொண்டு, மந்திரமும் மாயமும் இல்லாமல், தன் புத்தியையும் தைரியத்தையுமே கொண்டு இத்தனை முரடர்களையும் நடத்துகின்றாள்.

சரி, இவர்கள் யாருக்காக உழைக்கிறார்கள்? பிரிட்டிஷ் ரகசிய இலாகாவுக்காக. அந்த இலாகாவின் தலைவனோ, ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வரும் கொள்ளைக்காரர் தலைவன் மோரியார்ட்டியேதான்! தன் எதிரியை ஒழிப்பதற்காக லண்டன் ஏழைகள் வசிக்கும் பகுதியின் மேலேயே ஆகாயத்திலிருந்து குண்டு போடுகின்றான். இரண்டாம் பாகத்தில் செவ்வாய்க் கிரகத்தாரைக் கொல்ல சர்க்கார் விஷக்கிருமியை ஏவ, சொந்த ஜனங்களும் சேர்ந்து சாகிறார்கள். அவர்களையும் செவ்வாய்க்காரர்களே கொன்றதாகக் கணக்கு எழுதி விடுகின்றார்கள். இதைக் கண்டு சகிக்காமல் சங்கத்தை விட்டு வெளியேறுகிறவன் யார்? நெமோ ஒருவனே.

இவ்வளவும் சொன்ன நாம், இப்புஸ்தகத்தின் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. சாக்ஸ் ரோமர் என்பவர் 1913-ல் புஸ்தகமாய் வெளியிட்டுப் பரப்பிய பூ மாஞ்சு என்னும் கொடிய சீனனை, பெயர் சொல்லாமல் “டாக்டர்” என்று மட்டும் சொல்லி இதிலும் கொண்டு வந்திருக்கிறார்கள். பழைய கதைகளின் புத்தியைக் கேலி செய்யவே இப்படிச் செய்ததாக சமாதானம் சொல்லலாம். ஆனால் கேலி கொஞ்ச நேரத்தில் மறந்து போகும். சீனன் என்றால் கொடியவன் என்கின்ற படம் கண்ணிலேயே நிற்கும். வேட்டைக்காரனைச் சுரண்டிய கை இங்கே மட்டும் ஏன் சும்மா இருந்தது என்பதே நமது கேள்வி.

இது ஒருபுறமிருக்க, 2003-ல் இக்கதையை சினிமாவாக்கினவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். ஷான் கானரி நடித்த வேட்டைக்காரன் மறுபடியும் தலைவனாகி விட்டான். மினா தலைமையை இழந்ததோடு, ரத்தம் குடிக்கும் பேயாகவும் ஆக்கப்பட்டாள். நசிருதீன் ஷா என்னும் இந்தியரை நெமோவாக நடிக்க வைத்தது ஒன்றுதான் மிச்சம். ஒரு பெண் வெறும் மனுஷியாக இருந்து தலைமை வகித்தாள் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்கு, அவளைப் பேயாக்கி விடுவது சுலபமாக இருக்கின்றது போலும்!

ஆதலால், பழைய கதையைத் திருப்பிச் சொல்ல வருகிற எவரிடமும், இந்த வீரன் யாரை அடித்தான், யார் சொத்தைக் கொண்டு வந்தான், யாருக்காக உழைத்தான் என்கின்ற மூன்று கேள்வியையும் கேட்க வேண்டும். பதில் சொல்லுகிற கதையைப் படியுங்கள். பதில் சொல்லாமல், கும்பிடு என்று சொல்லுகிற கதை படமாய் வந்தாலும், பாட்டாய் வந்தாலும், சினிமாவாய் வந்தாலும், அதைக் கீழே வைத்துவிடுங்கள்.