மூன்று வருடம் ஆகிவிட்டதாம்

முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் நான். அதில் ஒன்பது வருடம் இடமாற்ற ஆணைகளைத் தட்டச்சு செய்யும் சீட்டில் இருந்தேன். ஆகவே இன்று நான் திட்டப்போகிறவர்களின் பட்டியலில் என் பெயரும் உண்டு.

போன வருடம் பேத்தி பிறந்தாள். எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாள். எடை 1,450 கிராம். அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில் இருபத்தாறு நாள் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்க்கும் கையுமாக நான்.

மூன்றாம் நாள் இரவு நடந்ததை மகள் சொன்னாள். குழந்தை தூங்குவது போலத்தான் இருந்ததாம். மெஷின் எதுவும் கத்தவில்லை. ரவுண்டு வந்த சிஸ்டர் புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு பாதத்தைத் தொட்டார். வயிறு சூடு, பாதம் சில்லென்று. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். அறுபதுக்கு மேல். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் ஓடி வந்தார். நூல் போன்ற நரம்பில் ஊசி ஏற்றி, மணிக்கு இத்தனை மில்லி என்று குளுக்கோஸ் கொடுத்தார்கள். விடிவதற்குள் குழந்தை தேறிவிட்டது.

அந்த சிஸ்டர் இதை எங்கே கற்றார்? நான்கு நாள் வகுப்பு, அதன்பின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டு வாரம் கூடவே இருந்து பார்த்தது. அவ்வளவுதான் அரசு தரும் பயிற்சி. மீதியை அந்த வார்டிலேயே நான்கு வருடம் நின்று கற்றிருக்கிறார். முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அழுத்தும்போது மார்பு எவ்வளவு எழும்ப வேண்டும் என்பதைப் பொம்மையை வைத்துச் சொல்லித் தரலாம். ஆக்சிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து, குறைமாதக் குழந்தைக்குக் கூடினால் கண்ணுக்கு ஆபத்து என்று எழுதியும் போடலாம். ஆனால் தூங்குகிற குழந்தைக்கும் துவண்டுபோன குழந்தைக்கும் உள்ள வித்தியாசம் நூறு குழந்தையைத் தொட்ட கைக்குத்தான் தெரியும்.

பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். சிஸ்டர் இல்லை. கண் வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஒரே இடத்தில மூணு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சுங்க ஐயா. ரொட்டேஷன்."

இந்த மூன்று வருடக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பணம் புழங்கும் சீட்டுக்கு அது தேவையான விதி. கஜானா பில் பாஸ் செய்பவன் ஒரே நாற்காலியில் பத்து வருடம் இருந்தால் காண்டிராக்டர் அவனுக்கு மாமன் மச்சான் ஆகிவிடுவான். அதனால் மாற்ற வேண்டும். சரி. பச்சிளங்குழந்தை வார்டில் நீண்ட நாள் இருப்பவர் யாரோடு கூட்டுச் சேர்ந்து எதைச் சுருட்டப்போகிறார்?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆபீசில் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் ஒரு நோட் எழுத ஆறு மாதம் திணறினேன். தப்பாக எழுதினால் சூப்பரின்டென்டென்ட் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புவார். ஒரு காகிதம் வீண், அவ்வளவுதான். 1977-இல் எங்கள் முதல் பையன் பிறந்தான். இரண்டாம் நாள் நீலம் பாரித்தான். அன்று டூட்டியில் இருந்த பெண் அதற்கு முந்தின வாரம்தான் எலும்பு வார்டிலிருந்து வந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எங்களோடு சேர்ந்து அவரும் அழுதார். பையனுக்குப் பெயர் வைக்கவில்லை. நான்கு வருடம் கழித்து எனக்கு அந்த இடமாற்ற சீட் கிடைத்தது. ஒன்பது வருடமும் "நிர்வாக நலன் கருதி" என்று தட்டிக்கொண்டே இருந்தேன். யார் எந்த வார்டில் என்ன கற்றவர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

பிரெஞ்சு படித்ததில் ஒரு லாபம், மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சியைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு ஓர் ஆணை கொடுத்தார். பிரான்ஸ் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று. துணியால் தைத்த இடுப்பும் துணிக் குழந்தையும் வைத்துக்கொண்டு சுமார் இருபத்தைந்து வருடம் சுற்றினார் அந்த அம்மாள். இன்றைய பயிற்சிப் பொம்மைக்கு அதுதான் பாட்டி. அவரிடம் கற்ற பெண் ஊருக்குத் திரும்பிப் பிரசவம்தான் பார்த்தாள். மூன்று வருடம் ஆனதும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போ என்று எந்த மன்னனும் அவளை அனுப்பவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வார்டு வேலை இடுப்பை ஒடிக்கும், ஒரே ஆளையே அங்கு கட்டிப்போடுவது அநியாயம் என்பார்கள். நர்சுகள் பலரே மாற்றல் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மை. ஒரு ராத்திரிக்கு எத்தனை குழந்தை, எத்தனை கை என்று பார்த்தால் நானும் கேட்பேன். அதற்கு வைத்தியம் ஆள் போடுவது, தனிப்படி கொடுப்பது, லீவு மறுக்காமல் இருப்பது. போக விரும்புகிறவரை அனுப்புங்கள், ஆனால் அடுத்தவர் கற்று முடித்த பிறகு. எங்கள் சிஸ்டர் போகக் கேட்கவேயில்லை.

ஆண்டறிக்கையில் "பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கும். நாற்பது என்று எழுதினால் மேலே எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: "அவர்களில் இன்று அந்த வார்டிலேயே இருப்போர்". குமாஸ்தாவுக்கு ஒரு ஸ்கேல், ஒரு பேனா போதும், பட்ஜெட் வேண்டாம்.

மைசூர்பாகைக் கண் வார்டுக்கே எடுத்துப்போய்க் கொடுத்தேன். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப எடை என்னங்க தாத்தா?" நான்கு கிலோ முந்நூறு என்றேன். சிரித்தார். பிறகு, குழந்தைகள் வார்டிலிருந்து புதுப் பெண்கள் ராத்திரியில் போன் செய்து சந்தேகம் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் எழுதித் துறைக்கு ஒரு மனு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." இந்த வரியை நானே ஆயிரம் தடவை தட்டியிருக்கிறேன், அந்தக் கோப்பு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது மனு தயார். திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் வருவேன்.