பாட்டிக்குத் தீபம் காட்டும் செலவு

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் மொட்டை மாடி வைத்திருப்பவர்தான் ராஜா. 2,668 அடி மலை எதிரே நிற்கிறது. கழுத்தை நிமிர்த்தினால் போதும், செலவு பூஜ்யம். அதே தீபத்தை மாம்பலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் காட்டத்தான் லட்சங்கள் தேவை.

கேமராவுக்கா? அது வாடகைக்குக் கிடைக்கும், கல்யாண சீசன் இல்லாவிட்டால் பேரமும் பேசலாம். பணத்தைத் தின்பது ஒயர்.

அமுக்காத ஹெச்டி படம் எஸ்டிஐ கேபிளில் விநாடிக்கு 1.485 ஜிகாபிட் ஓடும். உங்கள் ஆபீஸில் மேஜைக்கடியில் தூசியோடு கண்சிமிட்டும் ஸ்விட்ச் பெரும்பாலும் 1 ஜிகாபிட். ஒரே ஒரு கேமராவுக்குக்கூடக் காணாது!

"பெரிசா வாங்கிடலாமே சார்?"

வாங்கலாம். எஸ்எம்பிடிஇ என்ற அமைப்பு 2017-ல் 2110 என்று ஒரு தரம் வெளியிட்டது. படம், ஒலி எல்லாம் நெட்வொர்க் பாக்கெட்டுகளாகப் போகும். அதற்கு 10, 25, 100 ஜிகாபிட் ஸ்விட்ச்சுகள் வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், மைக்ரோ விநாடி பிசகக் கூடாது. விலை தலை சுற்றும். ஆனாலும் பெரிய சேனலுக்கு லாபம். பழைய ரூட்டரில் 16 வரவு, 16 போக்கு என்றால் 256 சந்திப்புகள். 64-க்கு 64 என்றால் 4,096. (கூட்டுக் குடும்பத்தில் சண்டை பெருகுவதும் இதே கணக்கில்தான்.)

நாலு கேமராக்காரருக்கு இது வீண் ஜம்பம். எஸ்டிஐ கேபிளே மலிவு. அல்லது 2015-ல் நியூடெக் கொண்டுவந்த என்டிஐ முறையில் அமுக்கி அனுப்பினால் கேமராவுக்கு 130 மெகாபிட் சொச்சம். அதே ஆபீஸ் ஸ்விட்ச்சில் ஐந்தாறு கேமரா ஓடும்.

இதெல்லாம் கோயிலுக்குள். வெளியே அனுப்புவதில்தான் வயிற்றில் புளி கரையும். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவது சில நிமிஷம்தான், அந்நேரம் மலைமேல் தீபம். ரீடேக் கிடையாது. நாலைந்து சிம்களைச் சேர்த்து அனுப்பும் பெட்டிகள் உண்டு, சாதாரண நாளில் பிரமாதம். ஆனால் அன்று லட்சக்கணக்கான பேர் அதே டவரில் அதே தீபத்தை வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு சாயங்காலத்துக்காகத் தனிப் பாதை போட்டு, மிச்ச 364 நாள் சும்மா வைத்திருக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? வேண்டாம், ஓபி வேனையும் சாட்டிலைட்டையும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆக, 2,668 அடியில் எரியும் தீபம் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பி மாம்பலம் வருகிறது. அந்தப் பயணத்துக்குக் கால் விநாடி. அமுக்கி விரிக்க இன்னும் சில விநாடி. மாடியிலிருந்து பேரன், லைன் கிடைத்தால், "பாட்டி, ஏத்தியாச்சு!" என்று கத்துவான்.

"இங்க இன்னும் ஏத்தலையேடா" என்பாள் பாட்டி.