குற்றம் கணினியிலா, கேபிளிலா?

மடிக்கணினியுடன் பெரிய திரை ஒன்றை இணைத்துப் பயில்வது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆவலோடு வாங்கிய 4கே மானிட்டரை இணைத்தவுடன் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது. படம் விட்டுவிட்டு ஓடுகிறது. உடனே மாணவியராகிய நாம், "மடிக்கணினி பழசாகிவிட்டது, புதியது வேண்டும்" என்று பெற்றோரிடம் கேட்கிறோம். இது முறைதானா?

சற்றுச் சிந்திப்போம். முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 4கே திரையிலோ 82,94,400 புள்ளிகள். அதாவது நான்கு மடங்கு! இவை யாவும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் அசைவு சீராகத் தெரியும். 30 முறை என்றால் தடுமாற்றம் கண்ணில் படும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 2013-இல் வந்த 2.0 முறையே 60 முறை அனுப்ப வல்லது. ஏரி நிறைந்திருந்தும் வாய்க்கால் குறுகலானால் வயலுக்கு நீர் எவ்வாறு போதும்?

புதுக் கணினி வாங்கினால் தொல்லை தீரும் என்பர் சிலர். பழைய கேபிளையே அதிலும் செருகினால் அதே தடுமாற்றம் தொடரக்கூடும் அல்லவா? ஆகவே முதலில் திரை அமைப்புகளைத் திறந்து, புதுப்பிப்பு வேகம் 30-இல் நிற்கிறதா, 60-இல் நிற்கிறதா எனப் பார்ப்போம். அடுத்து, கேபிளும் இரு கருவிகளின் இணைப்புத் துளைகளும் எவ்வகையின என்று கையேட்டில் படித்தறிவோம். டைப்-சி துளைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், எல்லாமே படத்தை அனுப்புவதில்லை. கணினியின் துளையே பழைய முறையினது என்றால், கேபிளை மாற்றியும் பயனில்லை. அப்போது திரையை முழு எச்.டி. அளவுக்குக் குறைத்து 60-இல் வைத்தால், எழுத்தின் கூர்மை சிறிது குறைந்தாலும் அசைவு சீராகும். செலவோ ஒரு காசும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பின்னும் குறை தீராவிடில், அப்போது புதியது கேட்பதில் தவறில்லை. கேபிள் விற்போரும் அதன் திறனை உறைமீது தெளிவாக அச்சிட வேண்டும். கணினி வகுப்பிலும் இதனைக் கற்பித்தல் நலம் என்பது எம் கருத்து.

நாம் கேட்கும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் பெற்றோரின் உழைப்பு இருக்கிறது. ஆதலின் அன்புத் தோழியரே, இறைவன் அளித்த அறிவைக் கொண்டு முதலில் ஆராய்வோம், பிறகு கேட்போம்.