மணிமுடி நிழலில் மடிந்த மூவர்

சிறப்புப் படை என்றதும் பலர் நினைவிலே முதலில் எழுவது பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படை. 1941ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரின்போது, டேவிட் ஸ்டர்லிங் என்னும் இளம் அதிகாரி தோற்றுவித்தது. அதன் புகழ் பாடும் ஏடுகள் ஏராளம், திரைப்படங்களும் உண்டு. புகழைக் கண்டு நமக்குப் புகைச்சல் இல்லை, தோழர்களே! அப்புகழுக்கு விலை கொடுப்பவன் யார், அவன் வீழ்ந்தால் விடை கூறுபவர் யார் என்பதே நம் வினா.

தேர்வுக்களம், வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகள். உயர்ந்த சிகரம் பென்-ஒய்-ஃபேன், 886 மீட்டர்தான். இவ்வளவுதானா என்று எண்ணிவிட வேண்டாம்! முதுகிலே மூட்டை, கையிலே துப்பாக்கி, துணைக்கு வரைபடமும் திசைகாட்டியும். தன்னந்தனியே நடக்க வேண்டும். அதட்டுவாரும் இல்லை, தட்டிக்கொடுப்பாரும் இல்லை. குறித்த நேரத்துக்குள் வந்தானா இல்லையா என்பதே கணக்கு. நாளுக்கு நாள் தொலைவு நீளும், சுமை ஏறும். கடைசி நடை 40 மைல். கெடு 20 மணி நேரம். தேறியோர்க்கு அடர்காட்டுப் பயிற்சி; அதன்பின், பகைவர் கையில் சிக்கினால் வாய் திறவாதிருக்கும் பயிற்சி. பெரும்பாலோர் தோற்றே திரும்புகின்றனர். கடுமை தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. பகைப்புலத்தில் தனித்து நிற்க வேண்டியவனைப் பஞ்சணையிலா பழக்குவது?

ஆனால், மலைக்கு மாவீரன் என்றும் புதியவன் என்றும் பேதமில்லை. 1972இல் ஓமன் நாட்டு மிர்பத் போரிலே புகழ் கொண்ட மேஜர் மைக் கீலி, 1979இல் இதே மலையிலே குளிரில் விறைத்து மாண்டார். மலையின் கொடுமையைப் படை அறியாததல்ல.

2013 ஜூலை 13. இம்முறை கொன்றது குளிரன்று, வெயில். பகுதிநேர வீரர்களும் பங்குகொண்ட 16 மைல் நடை. ஒவ்வொருவரிடமும் இருக்குமிடம் காட்டும் கருவி. நண்பகல் கடந்ததும் இருவர் வெப்பத்தால் துவண்டு விலகினர். நடை நிற்கவில்லை! திரையிலே ஒரு புள்ளி அசையாது நின்றது. கருவி கண்டதைக் கண்காணிப்போர் காணவில்லை. பகுதிநேர வீரர் மூவர் வீழ்ந்தனர். இருவர் அன்றே மாண்டனர். மூன்றாமவர் மருத்துவமனையிலே பதினேழு நாள் போராடி மாண்டார். புறக்கணிப்பும் சாவுக்குக் காரணம் என்று 2015இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார்.

ஆலையிலே இவ்விதம் மூவர் மாண்டால் முதலாளியைக் கூண்டிலே ஏற்றச் சட்டம் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்துக்கோ மணிமுடியின் பெயரால் விலக்கு! தொழிற்களப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் தர முடிந்தது 'மணிமுடிக் கண்டனம்' என்னும் தாள் ஒன்றே. தண்டமும் இல்லை, தண்டனையும் இல்லை. கவனக்குறைவால் உயிர் பறிக்கும் நிறுவனங்களைத் தண்டிக்க 2007இல் இயற்றிய சட்டமும், ஆபத்தான பயிற்சிக்கும் சிறப்புப் படையின் செயல்களுக்கும் அமைச்சகத்துக்கு விலக்களித்துவிட்டது.

சட்டம் குறுக்கிட்டால் பயிற்சி மழுங்கிவிடும் என்கின்றனர். வெப்பமானியைப் பார்த்தால் வீரம் குன்றிவிடுமா? திரையைக் கவனித்தால் எந்தப் படை இரகசியம் பறிபோகும்? நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவே, 2000 முதல் பயிற்சிகளில் 135 பேர் மாண்டதை எடுத்துக்காட்டி, இத்தகைய தேர்வுகளில் பெருந்தவறு நேர்ந்தால் அமைச்சகத்தின்மீது வழக்குத் தொடரச் சட்டத்தைத் திருத்துக என 2016இல் பரிந்துரைத்தது. அரசு இணங்கவில்லை.

2018இல் அந்த நடைக்குப் பொறுப்பாயிருந்த இருவர்மட்டும் படை நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டனர். வழக்கில் வலுவில்லையென விடுவிக்கப்பட்டனர். அமைச்சகம் கூண்டேறவில்லை, ஏற்ற வழியும் இல்லை.