தராசு எங்கேடி?

வீடியோ கேம் ஒன்று செய்ய ஆசைப்பட்டு இரண்டு மாதம் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹட்டனில் கடை வைத்திருக்கும் வாப்பாவின் மகளுக்கு இதெல்லாம் சரிவருமா என்ற பயம்.

'வெண்பா' என்ற விளையாட்டுதான் என்னை அசைத்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி, கிழிந்த சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிக்கிறாள். டொரன்டோவின் சிறிய குழுவொன்று 2023இல் வெளியிட்ட இது, 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வென்றது. இட்லி விளையாட்டாகுமென்றால் கொழுந்து ஆகாதா?

கூடை, மழை, அட்டை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எழுதி, லயத்திலிருந்து வரும் தோழியிடம் காட்டினேன்.

"எல்லாம் சரி, தராசு எங்கேடி?" என்றாள்.

ஈரத்துக்கென்று கிலோவைக் கழிப்பார்களாம். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். விளையாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. நான் பஸ் ஜன்னலால் மட்டும் மலையைப் பார்த்தவள்.

முதல் விளையாட்டுக்குக் கதை தேடும் மலையகப் பிள்ளைகள் டோக்கியோவரை போகவேண்டாம், பக்கத்து மேசையில் கேளுங்கள் என்பேன். எனக்குப் பயம் விட்டது அப்படிக் கேட்ட பிறகுதான். இப்போது எத்தனை கிலோ கழிப்பதென்று அவளே தீர்மானிக்கிறாள், கொஞ்சமும் இரக்கமில்லை.

தொடக்கத் திரையில் அவள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன்.

"அரைப்பேர் போட்டுறாதடி" என்று சிரித்தாள்.