மலையேற என்ன வேண்டும்?

மலையேற்றம் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் மாணவரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று ஆராயப் பல நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நகரத்தின் பெரிய விளையாட்டுப் பொருட்கடை ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். காலணிக்கு ஒரு விலை, மழைச்சட்டைக்கு ஒரு விலை, முதுகுப் பைக்கு ஒரு விலை, ஊன்றுகோலுக்குக்கூட ஒரு விலை! தாராவியிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்கு வருகிற மாணவன் அந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "மலை நமக்கு எட்டாது" என்று வெளியேறுகிறான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சென்ற மழைக்காலத்தில் நம் மன்றம் ராஜ்மாச்சிக்கு நடைப்பயணம் அறிவித்தது. பெயர் கொடுத்தவர்களில் மூவர் பிறகு பின்வாங்கினர். மூவரும் சொன்ன காரணம் ஒன்றே: "மலையேறும் காலணி இல்லை." பயணத்தை நடத்தித் தர ஒப்புக்கொண்டிருந்த ஒரு வார இறுதிக் குழு, கொண்டுவர வேண்டிய பொருள்கள் என்று நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தது. குழுவின் பெயர் வேண்டாம். எல்லாக் குழுக்களின் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றுதான். கறுப்புக் கண்ணாடி முதல் கையுறை வரை அதில் இடம்பெற்றிருந்தன. ஆனால், ஓடை பெருகினால் என்ன செய்வது, வழி பிசகினால் என்ன செய்வது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதில் இல்லை. காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றை எல்லாம் எழுதியவர்கள், கற்றுக்கொள்ள வேண்டியதை எழுத மறந்தார்கள். என் வழக்கு இதுதான், நண்பர்களே! பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

நம்மைச் சுற்றியுள்ளோரைப் பாருங்கள். மராட்டிய இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சஹ்யாத்திரி மலைகளில் நடக்கிறார்கள். இந்நகரின் மலையேற்றச் சங்கங்களுள் ஒன்றான 'கிரிவிஹார்' 1954-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டர். அதன் உச்சியிலுள்ள அம்மன் கோயிலுக்கு நவராத்திரியில் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் திரளாக ஏறுகிறார்கள். சாதாரணச் செருப்போடு, இடுப்பில் பேரக் குழந்தையோடு இரும்பு ஏணிகளைக் கடந்து செல்லும் மூதாட்டியரை அங்கே நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் இல்லாத பொருள் எது என்று எண்ணிப் பார்ப்பதைவிட, அவர்களிடம் இருக்கிற அறிவு எது என்று கேட்பதே முறை.

"அது அவர்கள் மண், நமக்கு என்ன?" என்பாரும் உளர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பதினொன்று இம்மாநிலத்தில் உள்ளன. பன்னிரண்டாவது எது தெரியுமா? நம் செஞ்சிக் கோட்டை! 1677-இல் சிவாஜி கைப்பற்றிய அதே செஞ்சி. லோஹகட் ஏறுகிறவனும் செஞ்சி ஏறுகிறவனும் ஒரே வரலாற்றின் இரு படிகளில் நிற்கிறார்கள்.

மலைவழி அறிவும் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிட்டோம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அதில் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைச் சொல்கிறார். எப்படிச் சொல்கிறார்? பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும் இடம், பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும் திசை, கால் வழுக்கும் நீர்த்துறை என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். வழுக்குமிடத்தில் தடித்த கொடியைப் பற்றிக்கொண்டு, சிறு பிள்ளைகளையும் உடன் வருவோரையும் ஒருவரை ஒருவர் காத்துக் கடக்கச் சொல்கிறார். வழிகள் பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார். அந்தக் கூத்தர் வறியவர்கள். தோளில் இசைக்கருவிகளின் சுமை வேறு. அவர்கட்குப் புலவர் கொடுத்தது பொருட்பட்டியல் அன்று. வழியறிவு!

இனி, இங்குள்ள மலைக்கு வருவோம். சஹ்யாத்திரியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உயரம் அன்று, நீர். 2024 ஜூன் 30 அன்று லோணாவாலாவில் பூஷி அணைக்குப் பின்புறத்து அருவியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவரை வெள்ளம் அடித்துச் சென்றது. நாம் ஆண்டுதோறும் பேருந்து எடுத்துச் செல்லும் இடம் அது. அவர்கள் ஓடையின் நடுவே நின்றிருந்தபோது நீர் திடீரென்று ஏறியது. எவ்வளவு விலையுயர்ந்த காலணியும் அங்கே பயன்பட்டிராது.

இதன் காரணம் எளியது. இம்மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கரும்பாறை. மேட்டுநிலத்தின் பாறைமீது பெய்யும் மழையைத் தாங்கிக்கொள்ள மண் மிகக் குறைவு. பெய்த நீர் சிறிது நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதிருக்கலாம், மேலே கொட்டியிருக்கும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை இயற்பியல் மாணவனாகிய நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முழங்கால் அளவு விரைநீர் வளர்ந்த ஆளை வீழ்த்தப் போதும். ஆகவே தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், அந்தக் கணமே கரையேற வேண்டும். கடந்தே தீர வேண்டுமென்றால் அகன்ற, ஆழமற்ற இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களை நீருக்குள் இழுக்கக் கூடாது. ஒரு கழியை ஊன்றி, கைகோத்து, நீர் வரும் திசையை நோக்கிப் பக்கவாட்டில் நகருங்கள். ஐயம் எழுந்தால் கடவாதீர்கள். மழை ஓய்ந்த சில மணி நேரத்தில் ஓடை வடியும். வீட்டிற்குத் தாமதமாகப் போனால் அம்மா திட்டுவாள், திட்டட்டுமே!

அடுத்தது குளிர். மும்பையில் குளிரா என்று நகைக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கல்சுபாய் உச்சியில் கடற்கரையைவிடப் பத்துப் பாகையளவு குறைவு, அதன்மேல் காற்று. அங்கே நனைந்த பருத்திச் சட்டையோடு நிற்பவன் நிலை என்ன? சட்டையில் 300 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஆக ஏழு லட்சம் ஜூலுக்கு மேல். இதில் ஒரு பங்கைக் காற்று தரும். மீதியைக் கொடுப்பது நம் உடல். எனவே மழைக்காலத்தில் பருத்தியையும் ஜீன்ஸையும் வீட்டில் வைத்துவிட்டு, கால்பந்து ஆடுவோர் அணியும் மெல்லிய பாலியெஸ்டர் சட்டையை அணியுங்கள். நம் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. மாற்றுச் சட்டை ஒன்றை நனையாமல் வைத்திருங்கள். பைக்கு மேலே போடும் மழையுறை காற்றில் பறக்கும். முதுகுப்பக்கம் வழியாக நீர் நுழையும். அரிசி மூட்டைக்குள் போடுகிற தடித்த பிளாஸ்டிக் உறையைப் பைக்கு உள்ளே விரித்து, பொருள்களை அதில் இட்டு, வாயை முறுக்கிக் கட்டினால் ஒரு சொட்டும் இறங்காது. ஊரில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டு நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாதா என்ன?

பையைப் பற்றி ஒரு சொல். என் தாய்மாமன் தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். தோலும் பையும் நம் தமிழர் அங்கே கைவந்த கலையாக்கிய தொழில்கள் அல்லவா? நண்பன் ஒருவனின் விலையுயர்ந்த பையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் துணியைப் பார்க்கவில்லை. நிறுவன முத்திரையையும் பார்க்கவில்லை. தோள்வாரைப் பிடித்து இழுத்து, அது பையோடு சேரும் இடத்தைப் புரட்டிப் பார்த்தார். "மாப்ளே, இங்க சதுரமாத் தையல் ஓடி, அதுக்குள்ள பெருக்கல் குறி போட்டிருக்கணும். இங்க பிரிஞ்சா பை இல்ல, வெறும் சாக்கு" என்றார். பழைய பள்ளிப் பையின் வாரைப் பிரித்து அவ்வாறு தைத்துக் கொடுத்தார். கனமான நூல், இரண்டு கொக்கி, அரை மணி நேரம். ஒரு நாள் நடைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. கனமான பொருளை முதுகை ஒட்டி, தோளுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அடியில் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும். இரவு தங்கும் பயணத்திலும் பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

காலணியையும் ஒதுக்கிவிட முடியாது. பாசி படிந்த ஈரக் கரும்பாறை சோப்புக்கட்டி போன்றது. வேண்டுவது உயர்ந்த விலை அன்று. தேயாத ரப்பர் அடி, ஆழமான பள்ளங்கள். புதிய காலணியோடு நேரே மலைக்குச் செல்லாதீர்கள். இரண்டு வாரம் மாட்டுங்காவிலிருந்து சயான் வரை நடந்து பழக்குங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கும்போது கால்விரல் முன்னே மோதி நகம் கறுத்துப் போவது நீண்ட நகத்தால்தான். அந்தப் பின்வாங்கிய மூவரில் ஒருவரிடம் நல்ல ரப்பர் அடியுள்ள கால்பந்துப் பயிற்சிக் காலணி இருந்தது என்பதைப் பிறகே அறிந்தேன். சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

வழி தவறுவது மிக எளிது. ஊரார் நடக்கும் ஒற்றையடிப் பாதையை மராத்தியில் பாய்வாட் என்பர். மாடு மேயும் தடத்தை டோர்வாட் என்பர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாட்டுத்தடம் நன்றாக அகன்று தொடங்கி, புதருக்குள் போய்ப் பத்துக் கிளையாகப் பிரிந்து மறையும். பாறைமீது வெள்ளைச் சுண்ணத்தில் இட்ட அம்புக்குறி பத்து நிமிடமாகக் கண்ணில் படவில்லையென்றால் முன்னே போகாதீர்கள். கடைசியாகக் கண்ட குறிக்குத் திரும்புங்கள். அடிவாரத்து ஊரில் பெரியவர் ஒருவரிடம் மராத்தியில் இரண்டு சொல் பேசக் கற்றிருப்பது எந்தக் கருவியையும்விடப் பெரிது. கைபேசியில் வரைபடத்தை முன்னரே இறக்கிக் கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் தொடர்பு கிடைக்காது. கழுத்தில் ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் ஓய்ந்து மீண்டும் ஊதினால் ஆபத்து என்பது உலகெங்கும் மலையேறுவோர் அறிந்த குறி; மூன்று முறை என்பது பதில். தொண்டை கட்டினாலும் விசில் கட்டாது. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று பகல் நடைக்கும் பையில் இருக்கட்டும்.

பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நஞ்சுமுறி மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும். அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில் 1978-இல் சென்னைக்கு அருகே தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பெருமையோடு நினைக்கலாம்.

மழைக்காலம் முடிந்தால் ஆபத்து வேறு முகம் காட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க இயலாது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட விரைவாக ஓடும். சற்று முன் நான் புகழ்ந்த பாலியெஸ்டர் சட்டை தீயில் உருகித் தோலோடு ஒட்டும். காலமும் இடமும் அறியாமல் எந்தப் பொருளையும் நல்லது என்று சொல்ல இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவ்வாண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு நாற்பது வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. ஊருக்கு விடுமுறையில் செல்வோர் பயன்படுத்திக் கொள்ளலாம்.

"பணம் கட்டினால் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு ஏன் இந்தத் தலைவலி?" என்று செம்பூர் நண்பர் ஒருவர் கேட்டார். அறுபது பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்றால், ஓடை பெருகும் வேளையில் அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? ஒரு வழிகாட்டி வரிசையின் முன்னே, மற்றவர் கடைசியில். நடுவில் இருப்பவர்கள் நாம்தான்.

ஆதலின் மன்றத்தார் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். சுற்றுலாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, மன்ற அறையில் ஓர் அலமாரி அமைப்போம். நெற்றி விளக்குகள், விசில்கள், முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், இரண்டு கயிறுகள், மாமாவின் பட்டறையில் வார் மாற்றித் தைத்த பத்துப் பைகள். பட்டம் பெற்றுச் செல்லும் அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் காலணிகளை விட்டுச் செல்லட்டும். நூலகத்தில் நூல் எடுப்பது போல் கையெழுத்திட்டு எடுக்கலாம். எவரும் எவரிடமும் இல்லை என்று சொல்லிக் கூச வேண்டியதில்லை. பயணத்துக்கு இரு வாரம் முன்பு கான்ஹேரிக் குகைகளுக்கு ஒரு பயிற்சி நடை. அதில் கலந்துகொள்ளாதவர் கோட்டைக்கு வரலாகாது, செயலாளரே ஆனாலும்!

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அலமாரிக்கு ஒரு பூட்டும் வேண்டும்.