ஒரே மலையில் எத்தனை கொந்தராத்து?

ஒரு காலத்தில் தோட்டத்தில் நடக்கும் எந்த வேலைக்கும் காலைப் பெரட்டில்தான் ஆள் பிரிப்பார்கள். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், மருந்தடிக்க இத்தனை பேர், கான்வெட்ட இத்தனை பேர் என்று பெயர் வாசிக்கும்போதே இன்றைக்கு எந்த மலையில் என்ன நடக்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை யாரும் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொன்னதில்லை. ஆனால் அது பாதுகாப்பாகத்தான் இருந்தது. மருந்தடிப்பவர் கொழுந்தெடுப்பவளுக்கு அண்ணனாகவோ மாமனாகவோ இருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க அவருக்கு வெளியார் வந்து வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு இந்த ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. செக்ரோலில் பெயருள்ளவர்கள் குறைந்தார்கள். வேலை குறையவில்லை. மருந்தடிப்பு ஒருவருக்கு, மரம் வெட்டுவது இன்னொருவருக்கு, தொழிற்சாலை மெசின் திருத்துவது டவுனில் இருக்கும் ஒரு கடைக்காரருக்கு, பாதை போடுவதும் வீடு கட்டுவதும் வேறொருவருக்கு என்று கொந்தராத்து விடப்பட்டது. எடுத்தவரும் தானே செய்வதில்லை. அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அந்த உப ஒப்பந்தக்காரர் லொறியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். இவர்களில் யாரும் பெரட்டுக்கு வருவதில்லை. ஒரே மலையில் ஒரே நாளில் மூன்று தரப்பு வேலை செய்கிறது. மூன்றுக்கும் மற்றது என்ன செய்கிறதென்று தெரியாது. சில நாட்களில் கணக்கப்பிள்ளைக்கே தெரியாது.

கொந்தராத்து முறை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அதில் நமது நிலைப்பாட்டில் மாற்றமில்லை. நாம் இங்கே பேசவருவது அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாத ஒரு விடயத்தை.

குளவியை எடுத்துக்கொள்வோம். மலையகத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் குளவி கொட்டியது என்ற செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு. உயிரையே பறிகொடுத்த குடும்பங்கள் நம் மத்தியில் இருக்கின்றன. இது இயற்கையின் குற்றம், யார் என்ன செய்வது என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. பல நேரம் அது உண்மையும்கூட. பருந்து கலைத்தாலும் காற்று பலமாக அடித்தாலும் கூடு கலையும். ஆனால் டர்பன்டைன் மரத்தையோ சவுக்கு மரத்தையோ வெட்டுவதற்கு வந்த கொந்தராத்து ஆட்கள் மெசின் வாளை இயக்கினால், அந்த மரத்திலோ பக்கத்து மரத்திலோ கூடு இருந்தால், அதன் விளைவு கீழே நிரையில் நிற்கும் பெண்களின் தலையில்தான் விழும். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் படங்கு, காலடியில் கான், சுற்றிலும் தேயிலைச் செடி. ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஓட முடியாது என்று.

மரம் வெட்டுகிறவர் கெட்டவரில்லை. கீழே ஆள் நிற்பது அவருக்குத் தெரியாது. கங்காணிக்கு மேலே மரம் வெட்டப்போவது தெரியாது. அனுமதி கொடுத்த அதிகாரிக்கு இரண்டும் தெரியும், ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவர் அந்த நேரம் மலையில் இல்லை. மரம் வெட்டும் அன்று அதன் கீழ்மலையில் கொழுந்தெடுக்க ஆள் போடக்கூடாது, வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், மரம் விழும் தூரத்துக்கு இரட்டிப்புத் தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். இதில் ஒரு சதம்கூடச் செலவில்லை. முதல் நாள் மாலை இரண்டு பேர் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும். அந்த இரண்டு பேரில் ஒருவர் கம்பனியின் சம்பளத்தில் இருக்கிறார், மற்றவர் கொந்தராத்துக்காரரின் கையில் இருக்கிறார் என்பதால் அந்தப் பேச்சு நடப்பதில்லை.

மருந்தடிப்பிலும் இதே கதைதான், ஆனால் இது உடனே கண்ணுக்குத் தெரியாத கதை. கொந்தராத்துக்கு மருந்தடிப்பவருக்கு ஏக்கர் கணக்கில் காசு. காற்றடித்தாலும் வெயிலேறினாலும் அவர் நிறுத்தமாட்டார், நிறுத்தினால் அன்றைக்கு அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்து மலையில் கொழுந்தெடுப்பவர்களின் முகத்தில் அந்தத் தூவல் வந்து படியும். அடித்த மலைக்குள் எத்தனை நாள் கழித்துக் கொழுந்தெடுக்கப் போகலாம் என்பது மருந்துப் போத்தலின் லேபிளில் இருக்கிறது. அந்தப் போத்தல் கொந்தராத்துக்காரரின் கையில் இருக்கிறது. மலைக்குப் போகச்சொல்லும் உத்தரவு வெளிக்கள உத்தியோகத்தரிடமிருந்து வருகிறது. வேலை முடிந்ததும் டேங்கை எங்கே கழுவுகிறார்கள் என்று எத்தனை தோட்டத்தில் யாராவது பார்த்திருக்கிறார்கள்? மேலேயிருக்கும் ஓடையில் கழுவினால் பணிய லயத்துப் பீலியில் அதைத்தான் குடிக்கிறோம்.

இங்கே நமது தலைவர்மாரும் தலைவிமாரும் கவனிக்க வேண்டிய ஒரு கசப்பான விடயம் உண்டு. மருந்தடிக்கிறார்கள் என்று ஒரு கேங்கை மலையிலிருந்து எழுப்பி வேறு மலைக்கு அனுப்பினால், நடந்துபோகும் நேரமும் புது மலையில் கொழுந்து இல்லாத குறையும் யார் கணக்கில் விழுகின்றன? கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படுவது யாருக்கு? பாதுகாப்புக்கு எழும்பிப் போனவர்களுக்குத்தான். அதனால்தான் கண் எரிந்தாலும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எடுத்துமுடித்துவிடுவோம் என்று நம் அக்காமார் நினைக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை. இடம் மாற்றிய நாளில் அன்றைய கிலோவைக் குறைத்து முழுப்பேர் போடுவது என்பது முதலில் எழுத்தில் வரவேண்டும். அது வராமல் பாதுகாப்பைப் பற்றி எத்தனை பலகை எழுதித் தொங்கவிட்டாலும் அது பெயின்ட் செலவுதான்.

தொழிற்சாலைக்குள் வந்தால் ஆபத்து வேறு உருவம் எடுக்கிறது. ரோலரையோ டிரையரையோ திருத்த வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் மெசினுக்குள் கையை விட்டிருக்கிறார். இரவு முறைக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது, கொழுந்து வாடிக்கொண்டிருக்கிறது, சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். இதைத் தடுக்கும் முறை உலகம் முழுவதும் ஒன்றுதான்: திருத்துகிறவர் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தரப்பு திருத்தினால் இரண்டு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை மெசின் ஓடாது.

பூட்டுக்குப் பதிலாகக் காகிதத்தை நம்பினால் என்னவாகும் என்பதற்கு 1988 ஜூலை 6 ஆம் திகதி இரவு வட கடலில் இருந்த பைப்பர் அல்ஃபா என்ற எண்ணெய் மேடை சாட்சி. அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைத் திருத்துவதற்காகக் கழற்றியிருந்தார்கள். பம்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு, வால்வுக்கு இன்னொரு சீட்டு. இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருந்தன. இரவு முறைக்காரர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பம்பை இயக்கினார்கள். 167 பேர் மாண்டார்கள். அந்த மேடையில் எழுத்து வேலைக்கோ பணத்துக்கோ குறைவில்லை. இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வராததுதான் குறை.

அடிபட்ட பிறகு வரும் கேள்வி நமக்கு நன்றாகத் தெரியும்: "இவர் யாருடைய ஆள்?" தோட்டம் கொந்தராத்துக்காரரைக் காட்டும். அவர் உப ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவருடைய தொலைபேசி வேலை செய்யாது. ஆனால் சட்டம் அப்படி எல்லோரையும் தப்பவிடவில்லை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் தொழிலின் பகுதியான ஒரு வேலையைக் கொந்தராத்து கொடுத்துச் செய்விக்கிறவரிடமே காயப்பட்டவர் நட்டஈடு கேட்கலாம். கொடுத்த காசைப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் அறவிட்டுக்கொள்வது தோட்டத்தின் பாடு. ஆகவே விபத்து நடந்தால் காலம் கடத்தாமல் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தோட்ட வைத்தியசாலைப் பதிவில் "மலையில் வேலை செய்யும்போது" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் அதை மாற்ற வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

தடுப்பதற்கான சட்டம் அவ்வளவு பலமாக இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அதன் பெயரே சொல்வதுபோல, தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொழுந்து மலையை அது பார்க்கவில்லை. நம்மில் பெரும்பாலானோர், அதிலும் பெண்கள், நாள் முழுவதும் நிற்பது அந்த மலையில்தான். சர்வதேசத் தொழில் அமைப்பு 1981 இலேயே தனது 155 ஆம் இலக்கச் சமவாயத்தில், ஒரே வேலைத்தளத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் பாதுகாப்பு விடயத்தில் அவை ஒன்றுசேர்ந்து செயற்பட வேண்டும் என்று எழுதிவைத்தது. விவசாயத் துறைக்கென்றே வந்த 2001 ஆம் ஆண்டின் 184 ஆம் இலக்கச் சமவாயமும் அதையே சொல்கிறது. 2022 இல் பாதுகாப்பான வேலைச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் இந்த ஒரு வரி, மலையையும் சேர்த்து, தெளிவாக வரவேண்டும் என்பது நமது கோரிக்கை. அது வரும்வரை தோட்ட மட்டத்தில் செய்யக்கூடியதைச் செய்வோம்.

அதற்கு முன் நமக்குள்ளே ஒரு வார்த்தை. கொந்தராத்து ஆட்களை "வெளியாள்" என்று ஒதுக்கும் பழக்கம் சில தோட்டங்களில் இருக்கிறது. அவர்கள் யார்? சேவைக்காலப் பணம் எடுத்து ஓய்வுபெற்ற பிறகும் உலை வைக்க வழியில்லாமல் மறுபடி மலையேறியவர்கள். கொழும்புக் கடையில் நின்று பார்த்துத் திரும்பிவந்த நம் பிள்ளைகள். பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஏழைகள். அவர்களுக்குக் கையுறை இல்லை, சப்பாத்து இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் கட்டவேண்டிய 12 வீதமும் பலருக்குக் கட்டப்படுவதில்லை. மருந்து முதலில் படுவது அவர்களின் உடம்பில்தான். அவர்களோடு பேசாமல் இருந்தால் மேலே என்ன வேலை நடக்கிறது என்று நமக்குச் சொல்லப்போவது யார்? சங்கத்தின் கதவு அவர்களுக்கும் திறந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நாம் கேட்பது பெரிய விடயமல்ல. பெரட்டுக்களத்தில் ஒரு புத்தகம் அல்லது ஒரு கரும்பலகை. நாளை எந்த மலையில் எந்தக் கொந்தராத்து, என்ன வேலை, அவர்களுக்குப் பொறுப்பான ஆள் யார், அவரது தொலைபேசி இலக்கம் என்ன என்பதை முதல் நாள் மாலைக்குள் அதில் எழுத வேண்டும். எழுதாத கொந்தராத்து மலைக்குள் இறங்கக்கூடாது. உப ஒப்பந்தக்காரருக்கும் இதுதான் விதி. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, மோதுகிற வேலைகளைப் பிரித்துப்போட நிர்வாகத்தின் தரப்பில் பெயர் குறிப்பிட்ட ஓர் உத்தியோகத்தர் பொறுப்பாக இருக்க வேண்டும். இது தோட்டத்தின் கடமை, கொந்தராத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று கைகழுவ முடியாது. காலையில் கங்காணி அதை வாசித்துக்காட்ட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பலகையைப் போய்ப் பார்க்கப்போவதில்லை. ஆபத்தைக் கண்டு ஒரு கேங் மலையை விட்டு இறங்கினால், விசாரணை முடியும்வரை பெயரை வெட்டக்கூடாது.

வீடு கட்டும் இடங்களையும் இதில் சேர்க்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் மண் வெட்டும் மெசின் வந்தால் நம் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடுகிறார்கள், வேலி கிடையாது. வெட்டிய மண்மேடு மழைக்காலத்தில் என்ன செய்யும் என்பதைக் கேட்பதற்கும் ஆளில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த மக்கள் நாம். எந்த ஒப்பந்தக்காரர் மண் வெட்டுவதானாலும் தேசிய கட்டட ஆய்வு நிறுவகத்தின் சிபாரிசு இருக்கிறதா என்று கேட்பது கமிட்டியின் வேலை. அதைக் கேட்டால் வீட்டுத் திட்டம் தாமதமாகும் என்று பயமுறுத்துவார்கள். தாமதமாகட்டும்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் தோட்டத்தில் இப்போது இயங்கும் கொந்தராத்துகளை எண்ணிப் பட்டியல் எழுதுங்கள். டிவிசன் டிவிசனாக எழுதுங்கள், மருந்தடிப்பவர்களையும் மரம் வெட்டுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டியலோடு புத்தகக் கோரிக்கையையும் கிலோக் குறைப்புக் கோரிக்கையையும் சேர்த்துத் துரைக்குக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். பதில் வராத தோட்டங்களின் கடிதங்களை நாம் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவோம்.